தணலை நம்பும் ஊர்கள்: பனிஹாலிலிருந்து சாங்தாங் வரை

பனிஹால்

தமிழகத்துச் சமவெளி வீடுகளில் நெருப்பின் வேலை பெரும்பாலும் சமையலோடும் வெந்நீரோடும் முடிந்துவிடுகிறது. மார்கழிப் பனிக்கும் ஒரு போர்வை போதும் என்பதால், உடலைச் சூடாக வைத்திருப்பதற்கென்றே இரவு பகலாக நெருப்பு வளர்க்கும் பழக்கம் உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களுக்கு வெளியே வேரூன்றவில்லை. பீர் பஞ்சால் மலைத்தொடருக்கு வடக்கே உள்ள காஷ்மீரப் பள்ளத்தாக்கிலும் அதற்கும் அப்பாலுள்ள லடாக்கிலும், குளிர்காலத்துக்கான எரிபொருளைச் சேமிப்பது தானியத்தைச் சேமிப்பதற்கு இணையான குடும்பக் கடமையாக இருந்து வருகிறது. ஐப்பசியின் கடைசி நாட்களில் இந்த நிலப்பரப்பை ஊடறுத்துச் செல்லும் பயணி, பனியைக் காண்பதற்கு முன்பாகவே பனிக்கான ஆயத்தங்களை ஊர்தோறும் காண்கிறார்.

2013இல் திறக்கப்பட்ட, 11 கிலோமீட்டருக்குச் சற்று மேலான நீளமுள்ள மலைச்சுரங்கத்தின் வழியே பனிஹாலிலிருந்து ரயில் காசிகுண்டை அடையும்போது, மலைச்சரிவு மறைந்து அறுவடை முடிந்த நெல்வயல்களும் நெட்டிலிங்கம்போல் ஓங்கி நிற்கும் பாப்லர் மரங்களும் விரிகின்றன. அருகே ஓடும் நெடுஞ்சாலையில் ஆப்பிள் பெட்டிகளுடன் தெற்கே செல்லும் லாரிகளுக்கு எதிரே, சமவெளியிலிருந்து நிலக்கரி ஏற்றிவரும் லாரிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. பள்ளத்தாக்கு மக்கள் குளிர்காலத்தை மூன்றாகப் பகுக்கிறார்கள்: டிசம்பர் 21இல் தொடங்கி 40 நாள் நீடிக்கும் கடுங்குளிர் ‘சில்லை கலான்’, அதையடுத்த 20 நாள் ‘சில்லை குர்த்’, இறுதி 10 நாள் ‘சில்லை பச்சா’. இந்த 70 நாட்களையும் கடப்பதற்குத் தேவையான கரியும் விறகும் கார்த்திகைக்குள் வீடு வந்து சேர்ந்தாக வேண்டும்.

எரிபொருள்களை ஒப்பிட உதவும் அளவு மெகாஜூல் எனப்படுகிறது. 3 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒரு மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த சாணி வரட்டி சுமார் 12 முதல் 14 மெகாஜூலும், காற்றில் உலர்ந்த விறகு சுமார் 15 முதல் 16 மெகாஜூலும், நல்ல மரக்கரி சுமார் 29 மெகாஜூலும் தருகின்றன. நிலக்கரி தரத்துக்கேற்ப இவற்றினிடையே ஏறியிறங்குகிறது. ஆனால், எந்த எரிபொருள் எந்தக் கலத்தில், எந்த நேரத்தில், யாருக்காக எரிகிறது என்பதைக் கவனித்தால்தான் இவ்வூர்களின் கணப்பு முறை விளங்கும்.

சரார்-இ-ஷரீஃப்

காஷ்மீர மக்கள் மதவேறுபாடின்றிப் போற்றும் ஷேக் நூருத்தீன் என்ற ஞானி 14, 15ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். அவருடைய அடக்கத்தலம் அமைந்த சரார்-இ-ஷரீஃப், காங்ரி முடையும் ஊராகவும் பெயர் பெற்றது. காங்ரி என்பது கையோடு எடுத்துச் செல்லும் கணப்புச் சட்டி. குயவர் வனைந்த ‘கொண்டுல்’ என்னும் மண்கலம் உள்ளேயும், அதைச் சுற்றி வில்லோ மரத்தின் மெல்லிய வளார்களால் முடைந்த கூடு வெளியேயும் அமைய, பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகளும், தணலைக் கிளறுவதற்காக ஒரு கயிற்றிலோ சங்கிலியிலோ கட்டித் தொங்கவிட்ட ‘சாலன்’ என்னும் சிறு கரண்டியும் அதன் உறுப்புகள்.

கடைத்தெருவில் தரையில் அமர்ந்து காங்ரி முடையும் முதியவரின் வலப்பக்கம் வேகவைத்துத் தோலுரித்த வளார்க் கட்டுகள் ஈரத்துணியால் மூடப்பட்டுக் கிடக்கின்றன. உலர்ந்துவிட்டால் வளைக்கும்போது முறியும் என்பதே அதற்குக் காரணம். மண்கலத்தை முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு, அடிவட்டத்திலிருந்து மேல்நோக்கி வளாரை உள்ளும் வெளியுமாகக் கோத்து, ஒவ்வொரு சுற்றையும் கட்டைவிரலால் அழுத்தி இறுக்குகிறார். மண்கலத்தோடு முடைவு முழுவதும் ஒட்டிக்கொண்டால் வளார் கருகும், அதிகம் விலகினால் கலம் ஆடிக் கங்கு சிதறும் என்பதால், இடைவெளியை விரல்நுனியால் தடவித் தடவியே அவர் உறுதிசெய்கிறார். திருமணத்துக்குப் பின் வரும் முதல் குளிர்காலத்தில் பெண்வீட்டார் மணமகன் வீட்டுக்கு அனுப்பும் காங்ரியில் சிவப்பும் பச்சையுமாகச் சாயமேற்றிய வளார்களும் கண்ணாடிச் சில்லுகளும் இடம்பெறுகின்றன. காஷ்மீரப் பண்டிதர்களோ, தமிழகம் பொங்கல் கொண்டாடும் மகர சங்கராந்தி நாளில், மறைந்த முன்னோரின் பெயரால் கரி நிரப்பிய காங்ரியைத் தானமளித்து வந்திருக்கிறார்கள்.

காங்ரியை நிரப்புவது தனிப்பழக்கம் வேண்டும் வேலை. அடியில் சாம்பல் பரப்பி, அதன்மேல் கால் கிலோ அளவுக்குக் கரியிட்டு, உச்சியில் அடுப்பிலிருந்து எடுத்த சில கங்குகளை வைத்து, மீண்டும் மெல்லிய சாம்பலால் மூடுகிறார்கள். காற்று குறைவாகப் புகுவதால் கரி சுவாலையின்றி மேலிருந்து கீழாக நீறு பூத்தபடி கனன்று, காலையில் நிரப்பியது பிற்பகல் வரை தாங்குகிறது. ‘ஃபெரன்’ எனப்படும் தொளதொளப்பான நீண்ட கம்பளி அங்கிக்குள் இதை வயிற்றோடு அணைத்துக்கொள்பவர், அறை முழுவதையும் சூடாக்கும் செலவின்றித் தம் உடலை மட்டும் சூடாக்கிக்கொண்டு கடைக்கும் வயலுக்கும் போய்வர முடிகிறது. வெளியிலிருந்து வரும் விருந்தினருக்குத் தேநீருக்கும் முன்பாகக் காங்ரியை நீட்டுவது இங்குள்ள உபசாரம்.

நசீம் பாக்

ஸ்ரீநகரில் ஹஸ்ரத்பல் பள்ளிவாசலுக்கு அருகே, இன்று காஷ்மீர்ப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் அமைந்திருக்கும் நசீம் பாக், முகலாயர் காலத்துச் சினார் தோப்பு. அகன்ற ஐந்து விரல் இலைகளையுடைய சினார் மரம் இலையுதிர் காலத்தில் செம்பொன்னாக மாறிச் சருகு உதிர்க்கும் காட்சிக்காகவே சுற்றுலாப் பயணிகள் இங்கே வருகிறார்கள். அவர்கள் படமெடுக்கும் அதே சருகைச் சுற்றுவட்டாரப் பெண்கள் சுள்ளித் துடைப்பங்களால் கூட்டிச் சாக்குகளில் அடைத்துச் செல்கிறார்கள்.

சருகைக் கரியாக்கும் முறை எளிமையானது, ஆனால் கணநேரமும் கண்ணகற்ற இடந்தராதது. இடுப்பளவு குவித்த சருகில் ஓரிடத்தில் நெருப்பிட்டு, சுவாலை பரவப் பரவ ஒரு பெண் கோலால் புரட்டிக்கொடுக்க, மற்றொருவர் இலை கறுத்துச் சுருளும் தருணம் பார்த்து விரல்களால் தண்ணீர் தெளிக்கிறார். முந்தினால் சருகு வேகாமல் புகையும். பிந்தினால் கையில் சாம்பலே மிஞ்சும். கறுத்த இலைகள் நொறுங்கிப் பொடியும் துகளுமாகக் குளிர்ந்தபின் அவற்றை மூட்டையாகக் கட்டி, காங்ரியில் மரக்கரித் துண்டுகளுக்கு இடையே நிரவப் பயன்படுத்துகிறார்கள். ஆப்பிள் தோட்டங்களில் கவாத்து செய்யப்பட்ட கிளைகளும், வெள்ளப்பெருக்கில் மலையாறுகள் அடித்துவரும் மரத்துண்டுகளும் இவ்வாறே கரியாகின்றன.

இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூடி, நாட்கணக்கில் புகையவிடும் கரிமூட்டங்களைக் கண்டவருக்கு இந்தத் தொழிலின் அடிப்படை புதிதாக இராது: காற்றை மறுத்து எரித்தால் நீரும் எரிவளிகளும் வெளியேறிக் கரிமம் எஞ்சும். தமிழகத்து மூட்டக்கரி பெரும்பாலும் சந்தைக்காகவே விளைகிறது. நசீம் பாக்கின் சருகுக்கரியோ அதைக் கூட்டிய பெண்ணின் வீட்டுக்கே போய்ச் சேருகிறது. விறகைப் பழைய முறையில் கரியாக்கும்போது அதிலுள்ள ஆற்றலில் பாதிக்கும் மேல் புகையாக வீணாவது உண்மைதான். இருந்தும் மக்கள் கரியையே விரும்புவதற்கு, ஃபெரனுக்குள் வைத்துக்கொள்ளத்தக்க, சுவாலையும் கண்ணெரிச்சலும் இல்லாத எரிபொருள் அதுவே என்பது காரணம். சருகுக்குவியல்கள் புகையும் அந்த வாரங்களில் நகரின் காற்று கெடுவதால், இலை எரிப்பதற்கு நிர்வாகம் தடை விதிக்கிறது. கரி வாங்கக் காசில்லாத வீட்டுக்கோ அந்தத் தடை குளிர்காலத்தின் முதல் இழப்பாகிறது.

ஸ்ரீநகர், பழைய நகர்

ஜீலம் நதியின் இருகரையிலும் நெருங்கி நிற்கும் பழைய நகரத்து வீடுகள், மரச்சட்டங்களுக்கிடையே செங்கல் நிரப்பிய சுவர்களும் சிறிய சன்னல்களும் கொண்டவை. கோடையில் காற்றோட்டமான மேல்தளத்தில் வாழும் குடும்பம், குளிர் தொடங்கியதும் கீழ்த்தளத்துச் சிறிய அறையொன்றுக்கு இறங்கி, கோரைப்பாயும் ‘நம்தா’ என்ற கம்பளி விரிப்பும் பரப்பிய தரையில் ஒன்றாக அமர்ந்து, உண்டு, உறங்குகிறது.

வசதியுள்ள வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் ‘ஹமாம்’ என்னும் சூடாக்கப்பட்ட அறை அமைந்திருக்கிறது. வழவழப்பாகச் செதுக்கிய கற்பலகைகளைச் செங்கல் கால்களின்மேல் தாங்கவைத்துத் தளம் அமைத்து, அதன் அடியிலுள்ள குடைவில் வெளிப்புற வாய்வழியே கட்டை விறகு எரித்தால், சூடான புகை கற்களின் அடிப்பரப்பைத் தடவிச் சென்று சுவரிலுள்ள புகைபோக்கியால் வெளியேறுகிறது; குடைவின்மேல் பதித்த செப்புக்கொப்பரையில் வெந்நீரும் கிடைத்துவிடுகிறது. மாலையில் எரித்து முடித்தாலும் கல் வாங்கிய சூட்டை இரவு முழுவதும் சிறிது சிறிதாக விடுவதால், புகையில்லாத அறையில் வெறுந்தரை இதமாக இருக்கிறது. பள்ளிவாசல் ஹமாமில் தொழுகைக்குப் பின்னும் முதியவர்கள் எழுந்து செல்வதில்லை. விறகுக்கான செலவைத் தெருவே பகிர்ந்துகொள்வதால், வீட்டில் கணப்பில்லாதவருக்கும் அந்தக் கல்தளத்தில் இடமுண்டு.

காங்ரிக்கும் ஹமாமுக்கும் இடைப்பட்டது ‘புகாரி’ எனப்படும், தகட்டாலோ வார்ப்பிரும்பாலோ ஆன உருளை அடுப்பு. அறை நடுவில் நின்று குழாய் வழியாகப் புகையை வெளியேற்றும் இதில் விறகு, நிலக்கரி, மண்ணெண்ணெய் என ஒவ்வொன்றுக்கும் தனி வகை உண்டு. மரத்தூள் புகாரியில் நடுவே ஒரு உருளைக்கட்டையை நிறுத்திச் சுற்றிலும் தூளைக் கெட்டித்துவிட்டுக் கட்டையை உருவிவிடுகிறார்கள். அந்தத் துளையின் உட்சுவர் மட்டும் எரிந்தபடி வெளிநோக்கிப் பரவுவதால், ஒருமுறை நிரப்பியது பல மணிநேரம் நிற்கிறது. தமிழகத்தில் புட்டியை நடுவில் வைத்து மரத்தூள் திணித்த அடுப்புகளும் இதே முறையில்தான் எரிந்தன. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த ‘லெக்கோ’ கரிக்கட்டிகள் ஒரு காலத்தில் தமிழக வீடுகளுக்கு வந்தது சமையலுக்காகவே. காஷ்மீரத்தில் நிலக்கரிக்கு வேலை கொடுப்பது குளிர்.

உணவும் இந்த நெருப்பின் அளவையே பின்பற்றுகிறது. ஆலி கதல் பகுதிக் கடைகளில் குளிர்காலம் முழுவதும் விற்கப்படும் ‘ஹரீசா’, அடுப்புமேடையில் கழுத்துவரை புதைத்த மண்பானையில், ஆட்டிறைச்சியையும் அரிசியையும் சோம்பு, ஏலம், பட்டையுடன் இரவெல்லாம் விறகுச்சூட்டில் குழையவிட்டுக் கடைந்து செய்யப்படுவது. விடியுமுன் வரும் வாடிக்கையாளர் நீட்டும் கிண்ணத்தில் அதை வழித்து வைத்து, புகையக் காய்ந்த எண்ணெயை மேலே ஊற்றும் கடைக்காரர், பக்கத்துக் ‘காந்துர்’ எனப்படும் ரொட்டிக்காரரின் சுடுரொட்டியோடு அங்கேயே உண்ணும்படி வற்புறுத்துகிறார். வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்குள் சூடு போய்விடும் என்பது அவர் கவலை. நடுக்குழாயில் கரிக்கங்கு நிறைந்த செப்புச் சமோவாரில் காயும் இளஞ்சிவப்பு உப்புத்தேநீரும், கோடையில் வற்றலிட்ட சுரைக்காய், கத்தரிக்காய்க் குழம்பும் வீடுகளில் அதே வெப்பத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

ஹரி பர்பத்

பழைய நகரின் நடுவே எழும் ஹரி பர்பத் குன்றின்மேல் நின்று மாலையில் நோக்கினால், ஆயிரக்கணக்கான வீடுகளின் புகை உயர்ந்து செல்லாமல் கூரைமட்டத்துக்குச் சற்று மேலே படலமாகத் தங்குவது தெரிகிறது. ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் மலைசூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த ஸ்ரீநகரில், குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று மேற்காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் எனப்படும் இந்நிலையில், மேலேயுள்ள வெதுவெதுப்பான அடுக்கு சட்டியின்மேல் வைத்த மூடிபோல் புகையை உள்ளேயே அடைத்துவிடுகிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்று 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்ரீநகரின் குளிர்காலக் காற்றில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நுண்துகள்களின் அளவு கன மீட்டருக்கு 348 மைக்ரோகிராம் வரை உயர்வதைப் பதிவு செய்தது. இந்தியாவில் ஒரு நாள் சராசரிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 15. எரிபொருள்களால் ஆண்டுதோறும் எழும் உமிழ்வில் 84 விழுக்காடு வீட்டு நிலக்கரியிலிருந்து வருவதாகவும் அவ்வாய்வு மதிப்பிட்டது.

காங்ரிக்கும் தனிவிலை உண்டு. 1865இல் ஸ்ரீநகரில் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் எல்ம்ஸ்லி, வயிற்றிலும் தொடையிலும் தோல் புற்றுநோய் கண்டு வருவோரின் எண்ணிக்கையைக் காங்ரிப் பழக்கத்தோடு இணைத்து 1866இலேயே எழுதினார். பின்னர் மருத்துவர் எர்னெஸ்ட் நீவ் அந்நோயாளிகளுக்கு நெடுங்காலம் சிகிச்சையளித்து விரிவாகப் பதிவு செய்தார். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் படும் மிதமான சூட்டால் தோலில் முதலில் வலைபோன்ற செந்தழும்பு தோன்றி, அது கறுத்துத் தடித்து, சிலருக்குப் புற்றாக மாறுகிறது. மூடிய அறையில் கனலும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு இதைவிட விரைவாகக் கொல்வது. நிறமும் மணமுமற்ற இவ்வளி, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் பிணைவதால், உறங்குபவர் திணறலை உணராமலே நினைவிழக்கிறார். குளிருக்கு அஞ்சிச் சன்னலின் இடுக்குகளையெல்லாம் துணியால் அடைத்த வீடுகளிலிருந்தே இத்தகைய சாவுச் செய்திகள் வருகின்றன.

மின்கணப்புக்கு மாறிவிடலாமே என்ற கேள்விக்குப் பழைய நகரத்து மக்களிடம் தெளிவான பதில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் மின்சாரம் பெரும்பகுதி ஆற்றுநீரை நம்பியது. மலையில் நீர் பனியாக உறையும் மாதங்களில் ஆறு மெலிந்து உற்பத்தி விழ, அதே மாதங்களில் தேவை உச்சத்தைத் தொடுகிறது. மின்வெட்டு வரும் இரவில் கைகொடுப்பது காங்ரி ஒன்றே என்பதால், மின்கருவி வாங்கிய வீடும் கரிமூட்டையைக் கைவிடுவதில்லை.

சோஜிலா, திராஸ்

சிந்து நாலா ஆற்றை ஒட்டி ஏறும் சாலை சோனாமர்கைக் கடந்து, சுமார் 3,528 மீட்டர் உயரத்திலுள்ள சோஜிலா கணவாயை அடைகிறது. கணவாயின் மேற்கில் தேவதாருவும் ஊசியிலைக் காடும். கிழக்கில் இறங்கிய சிறிது நேரத்தில் மரமே அற்றுப்போன பழுப்பு மலைகள். மழைமேகங்களை மேற்குச்சரிவே வாங்கிக்கொள்வதால் ஏற்படும் இந்த மாற்றம் கணப்பு முறையையும் அடியோடு மாற்றிவிடுகிறது: காஷ்மீரத்தின் காடும் தோட்டமும் தந்த கரி இங்கே இல்லை.

திராஸில் ஷீனா மொழி பேசும் மக்கள் கல்லும் மண்ணுமாகத் தாழ்ந்த வீடுகளைக் கட்டி, தட்டைக்கூரைகளின்மேல் வைக்கோலையும் வரட்டியையும் அடுக்கிவைத்திருக்கிறார்கள். வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவது இங்கு வழக்கமானது. சாலையோரக் கடையில் தகட்டுப் புகாரியைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஓட்டுநர்களுக்குத் தேநீர் தரும் இளைஞர், வில்லோச் சுள்ளியையும் வரட்டியையும் மாற்றி மாற்றி இடுகிறார். சுள்ளி விரைவாகச் சூடேற்றுவதற்கு, வரட்டி அந்தச் சூட்டை நிறுத்திவைப்பதற்கு. கணவாய் அடைபடும் வாரங்களில் தெற்கிலிருந்து எதுவும் வாராது என்பதால், கூரைமேல் இருப்பதே கையிருப்பு என்று அவர் விளக்குகிறார்.

ஸ்டோக்

கார்கிலின் ஆப்ரிகாட் தோட்டங்களையும் அடுத்தடுத்த கணவாய்களையும் கடந்து லேயை அடைந்தால், சிந்து நதிக்கு எதிர்க்கரையில் ஸ்டோக் கிராமம் தெரிகிறது. பழைய லடாக்கி வீட்டின் கீழ்த்தளம் கால்நடைகளுக்கு உரியது; அவற்றின் உடற்சூடு மேலெழுந்து, நேர்மேலே அமைந்த ‘சன்சா’ எனப்படும் குளிர்காலச் சமையற்கூடத்துக்கு உதவுகிறது. தடித்த பச்சைமண்கல் சுவர்களும் தெற்கு நோக்கிய சன்னல்களும் கொண்ட இந்த அறையின் நடுவில், மங்கலச் சின்னங்கள் பதித்த ‘தாப்’ என்னும் அடுப்பும், எதிர்ச்சுவரில் துலக்கி அடுக்கிய செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் குடும்பத்தின் பெருமைக்குரியவை. குடும்பமே அங்கு உண்டு, உரையாடி, கம்பளி நூற்கிறது.

அடுப்பருகே அமர்ந்திருக்கும் குடும்பத்தலைவி, வரட்டியை முழுதாக இடாமல் உள்ளங்கையளவு உடைத்து, விளிம்புகள் ஒன்றையொன்று தொடுமாறு நிறுத்தி அடுக்குகிறார். இடையில் காற்று ஓடினால்தான் புகை குறைந்து தணல் பிடிக்கும். தணலின்மேல் ‘ஸ்கியூ’ என்னும் மாவுத்துண்டுகளும் டர்னிப்பும் சேர்ந்த குழம்பு கொதிக்க, மத்துக்குழாயில் கடைந்த உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரைக் கிண்ணம் காலியாகும்முன் மீண்டும் மீண்டும் நிரப்புகிறார். வாய்க்கால்வரப்பில் நட்டு வளர்த்த வில்லோ, பாப்லர் மரங்களை அடியோடு வெட்டாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைக்கிளைகளை மட்டும் கழிப்பது ஊர் வழக்கம்.

சாணியை எரித்தால் வயலுக்கு உரமேது என்ற கேள்வி தமிழக உழவர்களுக்கும் பழக்கமானது. லடாக் அதற்குக் கண்ட விடை உலர்கழிப்பறை. மேல்தளத்துத் துளைவழியே விழும் மனிதக்கழிவு, அவ்வப்போது தள்ளிவிடும் மண்ணோடும் சாம்பலோடும் கீழறையில் மக்கி, இளவேனிலில் பார்லி வயலுக்கு எருவாகிறது. அடுப்பின் சாம்பல் கழிப்பறைக்கும், கழிப்பறையின் எரு வயலுக்கும், வயலின் தாள் மாட்டுக்கும், மாட்டின் சாணி அடுப்புக்கும் சென்று சேரும் இந்தச் சுழற்சியில் ஒரு கண்ணி அறுந்தாலும் வீடு குளிரும் அல்லது வயல் மெலியும். லேயில் தண்ணீர்க் கழிப்பறையும் எரிவாயு உருளையும் பரவி வரும் இக்காலத்தில், இந்தக் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவருவதை முதியவர்கள் வருத்தத்தோடு குறிப்பிடுகிறார்கள்.

கோர்சோக்

சாங்தாங் மேட்டுநிலத்தில், சோமோரிரி ஏரிக்கரையில் 4,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் கோர்சோக், பஷ்மினா ஆடு வளர்க்கும் சாங்பா மேய்ப்பர்களின் உறைவிடங்களுள் ஒன்று. மரம் வளராத இந்த உயரத்தில் எரிபொருள் என்றால் யாக் எருதின் சாணியும் ஆட்டுப் புழுக்கையும், ‘புர்த்சே’ என்ற குறுஞ்செடியுமே. யாக்கின் மயிரால் நெய்த ‘ரெபோ’ கூடாரத்தின் நடுவில் எரியும் அடுப்பில், மென்மையான யாக் சாணி எளிதில் பற்றிக்கொள்கிறது. கெட்டியான புழுக்கையோ துருத்தியால் ஊதினால்தான் எரியும், எரிந்தால் மிகுந்த சூடு தரும். இரண்டையும் சேர்த்துக் காக்கும் அனுபவம் பெண்களுடையது, அவர்களுடைய நுரையீரலே புகையின் பெரும்பங்கையும் தாங்குகிறது. வேரோடு பிடுங்கப்படும் புர்த்சே, குளிரும் வறட்சியும் நிறைந்த மண்ணில் மீண்டும் வளர நெடுங்காலம் எடுப்பதால், குடியிருப்புகளைச் சுற்றி நிலம் வெறுமையாகிக்கொண்டே விரிகிறது. நெருப்பின் தேவைக்கும் மேய்ச்சலின் தேவைக்கும் ஒரே செடி பலியாகிறது.

ஃபே

லேக்குத் திரும்பி மேற்கே சிறிது தூரம் சென்றால், சிந்துக்கரையில் ஃபே கிராமத்தருகே, 1988இல் லடாக்கிய மாணவர்களால் தொடங்கப்பட்ட ‘செக்மால்’ என்ற கல்வி இயக்கத்தின் வளாகம் உள்ளது. சோனம் வாங்சுக் அதன் நிறுவனர்களுள் ஒருவர். இங்குள்ள கட்டடங்கள் இறுக்கிய மண்சுவர்களால், நீண்ட முகப்பைத் தெற்குக்குக் காட்டி அமைந்தவை. குளிர்காலத்தில் அம்முகப்பின்மேல் ஒளிபுகும் தாள் போர்த்தினால் அது வெப்பக்கூடமாகி, பகலில் சுவர் வாங்கிய சூட்டை இரவில் அறைக்குத் தருகிறது. மரத்தூள், வைக்கோல் போன்றவை கூரையிலும் வெளிச்சுவரிலும் வெப்பக்காப்பாக நிரம்பியுள்ளன. காஷ்மீரத்தில் எரிக்கப்படும் மரத்தூள் இங்கே எரியாமலே வெப்பத்தைக் காக்கிறது. 1983இல் நிறுவப்பட்ட லடாக் சூழலியல் வளர்ச்சிக் குழுவும், பிரெஞ்சுப் பொறியாளர் ஃபெலிக்ஸ் துரோம்பின் பெயரால் வழங்கும், கருமை பூசிய தடித்த சுவரின்முன் கண்ணாடி நிறுத்தும் முறையை வீடுகளில் பரப்பியது. செக்மால் வளாகத்து அறைகளில் மாணவர்கள் விறகோ வரட்டியோ இன்றி உறைகுளிர் மாதங்களைக் கழிக்கிறார்கள்.

மழைமேகம் அரிதான லடாக்கின் வெயிலை நம்பிய இந்த முறையை, வாரக்கணக்கில் மூடுபனி சூழும் ஸ்ரீநகருக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது. அங்கே வேண்டியவை குளிர்காலத்திலும் தடைபடாத, ஏழை வீட்டுக்கும் கட்டுபடியாகும் மின்சாரம், இடுக்குகளை மூடியபின்னும் காற்று மாறும் வழியுள்ள வெப்பக்காப்புச் சுவர், தெருவே பகிர்ந்துகொள்ளும் ஹமாமுக்குப் புகை குறைந்த உலை ஆகியவை. புகையைக் காரணங்காட்டிக் கரிமூட்டையைப் பறிக்கும் ஆணைகள் இவற்றில் ஒன்றையும் தருவதில்லை. ஒரு குடும்பம் ஒரே அறையில் கூடுவது, அறைக்கு முன் உடலைச் சூடாக்குவது, சருகையும் சாம்பலையும் வீணாக்காதது, கணப்பில்லாதவரைக் கணப்பருகே அமர்த்துவது ஆகிய ஒழுங்குகளே இந்த ஊர்களை இத்தனை நூற்றாண்டுகள் காத்தன. அவற்றில் நோய்தரும் பகுதி நெருப்பு மட்டுமே. வீடு முழுவதையும் பகலிரவாகச் சூடாக்கிப் பழகிய நாடுகள் எரிபொருளின் அளவைக் குறைக்கத் திணறும் காலத்தில், குறைந்த வெப்பத்தில் நிறைவாக வாழத் தெரிந்த இம்மக்களுக்குத் தூய வெப்பத்தைக் கொண்டுசேர்ப்பது பெரும் செலவு பிடிக்கும் காரியமன்று. அதை அரசின் கடமையாகக் கருதும் மனமே தேவைப்படுகிறது.